மாடு செத்த வீட்டிலிருந்து திரும்புகிறவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மருத்துவர்களின் மன அழுத்தம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அதில் கால்நடை மருத்துவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குமரி மாவட்டத்து மாட்டாஸ்பத்திரிகளில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த விடுபட்ட வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு மாடு, மிஞ்சினால் இரண்டு. ரப்பர் மரத்தடியிலோ தென்னந்தோப்பிலோ கட்டியிருப்பார்கள். அந்தப் பாலில்தான் பிள்ளைகளின் பஸ் காசும் குழுக்கடன் தவணையும் ஓடும். அப்படி ஒரு வீடு, குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில். நல்ல மழை நாள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போன மாடு, குவித்து வைத்திருந்த மரச்சீனித் தொலியை, அதாவது மரவள்ளிக்கிழங்குத் தோலைத் தின்றுவிட்டது. மரச்சீனியின் தொலியிலும் இலையிலும் சயனைடாக மாறும் நஞ்சு உண்டு. அதிகம் தின்ற மாடு கொஞ்ச நேரத்திலேயே மூச்சு முட்டி விழுந்துவிடும். உடனே சோடியம் தயோசல்பேட்டை ரத்தக்குழாயில் ஏற்றினால் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. மருந்து என் பையில் இருந்தது. பைக்கை ரோட்டில் போட்டுவிட்டு தோட்டத்து மேட்டில் ஓடி ஏறினேன். மாடு அடங்கிவிட்டிருந்தது. வயிற்றில் கை வைத்தேன், சூடு போகவில்லை.

அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சாரே, கை கழுவுங்க" என்று எப்போதும்போல வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம்தான் பெரிய வேலை. மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பணம் கிடைக்க வேண்டுமானால் பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும், மாட்டின் காதில் குத்தியிருக்கும் நம்பர் போட்ட காதுவில்லை வேண்டும். காப்பாற்றப் போனவனே அறுக்கவும் வேண்டும். அந்த நஞ்சில் செத்த மாட்டின் ரத்தம் செக்கச்செவேலென்று இருக்கும். அதைப் பார்த்துக் குறிப்பு எழுதினேன். நான் காதுவில்லையை வெட்டி எடுத்தபோது அந்த வீட்டுச் சின்னப் பெண் வாழை மூட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடியும் முன்பே திருவட்டாரிலிருந்து போன், கன்று குறுக்கே கிடக்கிறது, உடனே வாருங்கள் என்று. போனேன். கன்று உயிரோடு வந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மனிதர்களைப் பார்க்கும் மருத்துவருக்கு வராத ஒரு கேள்வி எங்களுக்கு வாரம் தவறாமல் வரும்: "இது தேறுமா சாரே? இல்லன்னா இப்பவே குடுத்துரலாம்." கொடுப்பது அடிமாட்டு வியாபாரிக்கு. தேறும் என்று நான் சொல்லித் தேறாமல் போனால் அந்தக் குடும்பத்துக்கு மாடும் இல்லை, காசும் இல்லை. தேறாது என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் வண்டி வந்துவிடும். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, அவர்கள் நிலைமை அப்படி. ஆனால் இன்னும் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருந்தால் எழுந்திருக்குமோ என்று இன்றைக்கும் தூக்கம் வராத இரவில் நான் நினைத்துப் பார்க்கும் மாடுகள் இருக்கின்றன. இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. இடுப்பு முறிந்து படுத்துவிட்ட பசுவை ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பலாம் என்றால், பசுவைக் கொன்ற பாவம் நமக்கு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். அது தானாக அடங்கும்வரை தினமும் போய் வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் திரும்ப வேண்டும்.

சந்தோஷம் இல்லாத வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கன்று போட்ட மறுநாள், ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சலில் கழுத்தைத் திருப்பிப் போட்டுக் கிடக்கும் பசுவுக்குக் கால்சியம் மெதுவாக ஏற்றி, அது உதறிக்கொண்டு எழுந்து கன்றை நக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்காகவே நான் இந்த வேலையில் இருந்தேன்.

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலை ஆண் மருத்துவர்களிடம் 2 மடங்குக்கு மேலும், பெண் மருத்துவர்களிடம் 3 மடங்குக்கு மேலும் இருந்ததாம். அதைப் படித்தபோது எனக்கு நம்மூர்ப் பிள்ளைகளின் நினைப்புதான் வந்தது. படிப்பை முடித்த கையோடு ஒரு கால்நடை மருந்தகத்துக்குத் தனியாக வந்து சேர்கிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் நிறைய. ராத்திரி ரப்பர் தோட்டத்துக்குள் டார்ச்சோடு போவதும் அவர்கள்தான், மாடு செத்தால் ஏச்சு கேட்பதும் அவர்கள்தான்.

நான் வேலையில் இருந்த காலத்தில் மாதக் கூட்டங்களில் சினை ஊசி எத்தனை, தடுப்பூசி எத்தனை என்று கேட்பார்கள். அந்த மாதம் எந்த மாடு கைவிட்டுப் போனது, அதன்பின் எப்படி இருக்கிறாய் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. நானும் வேறு யாரையும் கேட்டதில்லை, அது என் தவறு. மாதம் ஒரு அரை மணி நேரம் அதற்காக ஒதுக்குங்கள் என்று பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் போல ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். நான் தக்கலையில்தான் இருக்கிறேன். எந்த மூலைக்கானாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.