கேசட் தப்பில்லை, தம்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கெட்டவனை நல்லவனாக்கிக் காட்டும் வீடியோ கேம்கள் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது தெரியாமல் செய்துவிடும் என்று வருத்தப்பட்டிருந்தார். வருத்தம் நியாயம்தான். ஆனால் உதாரணத்துக்கு அவர் பிடித்து இழுத்தது டாங்கி காங் என்ற கொரில்லாவை. அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குரங்கோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம்.

1994 முதல் 2001 வரை மன்னார்குடியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தையல் கடைக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடி இடம், இரண்டு 14 இஞ்ச் டிவி, இரண்டு கேம் பெட்டி, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். பெட்டிகள் சென்னை பர்மா பஜாரில் வாங்கியவை. நின்டென்டோ என்ற ஜப்பான் நிறுவனம் 1983-இல் அந்த நாட்டில் விட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்து யாரோ அடித்த நகல் அவை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அரை மணி நேரத்துக்கு 5 ரூபாய். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே உருப்படியாகப் பத்துப் பன்னிரண்டு இருந்தால் அதிகம், மீதியெல்லாம் அதே கேம் வேறு பெயரில். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, வாயால் ஊதி, திரும்பச் செருக வேண்டும். அந்தக் கேசட்டில்தான் டாங்கி காங் இருந்தான், அவன் பிள்ளை ஜூனியரும் இருந்தான்.

முதல் கேமைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்பு உத்தரங்கள் சாய்வாக அடுக்கி நிற்கும். உச்சியில் கொரில்லா, பக்கத்தில் அவன் தூக்கி வந்த பெண். நாம் ஆட்டுகிற ஆள் மாரியோ, கீழேயிருந்து ஏணி ஏணியாக ஏறிப் போக வேண்டும், குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடும். கடைசிக் கட்டத்தில் எட்டு ரிவெட்டுகள், அதாவது உத்தரங்களைப் பிணைக்கிற ஆணிகள். ஒவ்வொன்றையும் மிதித்துக் கழற்றினால் நடுவிலிருக்கிற தட்டு சரிந்து குரங்கு தலைகுப்புற விழும். பையன்கள் அப்போது கைதட்டுவார்கள். 1981-இல் வந்த அசல், காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் பெட்டியில் நாலு கட்டம், எங்களிடம் இருந்த வீட்டு கேமில் மூன்றுதான். யாரும் கவலைப்பட்டதில்லை.

இது உருவான கதையில் கடைக்காரன் என்ற முறையில் எனக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நின்டென்டோவின் வேறொரு ஆர்கேட் பெட்டி சுமார் 2000 விற்காமல் தேங்கிவிட்டது. அதே பெட்டிக்குள் புது கேமைப் போட்டுத் தள்ளிவிடலாம் என்று அந்த வேலையை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் கொடுத்தார்கள். அவர் முதலில் போபாய் கார்ட்டூனை வைத்துத்தான் யோசித்தார். அனுமதி கிடைக்கவில்லை. அதில் வரும் முரட்டு ஆள் புளூட்டோவின் இடத்துக்குத்தான் இந்தக் கொரில்லா வந்தது. அதுவும் காட்டிலிருந்து வந்த அரக்கனாக அல்ல. தன்னை வளர்த்த தச்சனிடமிருந்து தப்பிய குரங்கு, அந்தக் கோபத்தில் அவன் காதலியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதே மியாமோட்டோ மனதில் இருந்த கதை. தச்சன்தான் மாரியோ. பிளம்பர் ஆனதெல்லாம் அப்புறம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1995 கோடை விடுமுறை என்று நினைவு. ஏழாவது படிக்கிற பையன் ஒருவன், முதல் கேமை ஊதித் தள்ளுவான். ஒருநாள் பட்டியலில் அடுத்திருந்த ஜூனியரைப் போட்டான். ரெண்டு நிமிஷத்தில் ஸ்டூலைத் தள்ளிவிட்டு என்னிடம் வந்து, “அண்ணே, கேசட் தப்பு. மாரியோ அந்தப் பக்கம் நிக்கிறான். காசைக் குடுங்க” என்றான்.

போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. கூண்டுக்குள் பெரிய குரங்கு அடைபட்டுக் கிடக்கிறது, கூண்டைக் காவல் காப்பது மாரியோ. நம் கையில் இருப்பது ஒரு குட்டிக் குரங்கு. 1982-இல் வந்த இந்த இரண்டாவது கேமின் விளம்பரப் படத்திலேயே மாரியோ கையில் சாட்டை இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஏறி முடித்து, இதோ அப்பா கிடைத்துவிட்டார் என்று நினைக்கும்போது மாரியோ கூண்டை இன்னும் தள்ளிக் கொண்டுபோய்விடுவான்.

காசு திருப்பிக் கொடுக்கவில்லை. “கேசட் தப்பில்லை தம்பி, போய் ஆடு” என்றேன். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் ஜூனியரைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

அந்த கேமில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குட்டிக் குரங்கு கொடிகளைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். ஒரு கொடியை மட்டும் பிடித்தால் ஊர்ந்து ஊர்ந்து ஏறும். இரண்டு கைக்கும் இரண்டு கொடி பிடித்தால் சரசரவென்று ஏறிவிடும். இறங்குவதற்கு மட்டும் ஒற்றைக் கொடிதான் வேகம், வழுக்கிக்கொண்டு வரும். மாரியோ பல்லைக் காட்டிக்கொண்டு கடிக்கிற பொறிகளைக் கொடிவழியே அனுப்புவான். அதன் தலையில் பழத்தைத் தட்டிவிடலாம். இதையெல்லாம் எந்தப் பையனுக்கும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் ஆறு சாவிகளைச் சங்கிலியோடு மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆறாவது சாவி உள்ளே போகிறபோது என் கடையில் நாலு ஸ்டூலில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். இந்தக் குரங்கு நல்லவன் என்று யாரும் எங்களிடம் வாதாடவில்லை. சினிமாவில் செய்கிற மாதிரி, சின்ன வயதில் பசியோடு கிடந்தான், தாயைப் பறிகொடுத்தான் என்று பிளாஷ்பேக் போட்டு அழ வைக்கவில்லை. அவன் செய்தது தப்பில்லை என்றும் சொல்லவில்லை. அவனைத் தேடி ஒருத்தன் வருகிறான் என்று மட்டும் காட்டினார்கள், அந்த ஒருத்தனை நம் கையில் கொடுத்தார்கள். உடனே ராவணன், கர்ணன் என்று நான் ஆரம்பிப்பேன் என்று நினைக்காதீர்கள், அது எனக்குத் தெரிந்த வேலை இல்லை. எனக்குத் தெரிந்தது ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பையன்களை. முதல் கேமில் மாரியோவுக்காகக் குதித்த அதே கட்டைவிரல்தான் அடுத்த அரை மணியில் குரங்குக் குட்டிக்காகக் கொடி பிடித்தது. அதனால் எவனும் மாரியோவை வெறுத்துவிடவில்லை. நல்லது கெட்டது குழம்பியவர்களாகவும் தெரியவில்லை. குழம்பியது அந்த ரெண்டு நிமிஷம்தான்.

குரங்கு திருந்திவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1983-இல் வந்த மூன்றாவது கேமில் ஒரு கண்ணாடித் தோட்டத்துக்குள் புகுந்து தேன்கூட்டைக் கலைத்துப் பூச்சிகளைக் கிளப்பிவிடுகிறது. ஸ்டான்லி என்ற ஆள் மருந்தை அதன் பின்பக்கத்திலேயே பீய்ச்சிப் பீய்ச்சி மேலே விரட்டுவார். பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவ்வளவுதான் அவன் வில்லத்தனம். சினிமாக் கொரில்லா கிங் காங் எங்களுடையது, அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தீர்கள் என்று யுனிவர்சல் சினிமா நிறுவனம் 1982-இல் நின்டென்டோ மேல் வழக்குப் போட்டுத் தோற்றபோது அமெரிக்க நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: அது பயங்கரமான கொரில்லா, இது வெறும் கோமாளித்தனம், இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று.

1994-இல் இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் டாங்கி காங் கன்ட்ரி என்ற கேமைச் செய்தபோதுதான் குரங்கு முழு ஹீரோவானது. கழுத்தில் சிவப்பு டை. வில்லன் இப்போது ஒரு முதலை ராஜா. குரங்கின் வாழைப்பழக் குவியலை அடித்துக்கொண்டு போய்விடுகிறான். அந்த கேம் ஓடுகிற 16 பிட் பெட்டி எங்கள் ஊர்ப் பக்கம் வரவே இல்லை. கடையை மூடி இரண்டு வருடம் கழித்து என் மகன் கம்ப்யூட்டரில் எமுலேட்டர், அதாவது கேம் பெட்டி மாதிரியே வேலை செய்கிற புரோகிராம், போட்டுக் காட்டினான். அதில் கிராங்கி காங் என்று ஒரு கிழக் குரங்கு வரும். வெள்ளைத் தாடி, கைத்தடி, ஆடும் நாற்காலி. 1981-இல் பீப்பாய் உருட்டிய அசல் டாங்கி காங் இவர்தானாம். டை கட்டிய இளையவர் இவருக்கு மகனா பேரனா என்பதில் கேம் செய்தவர்களே ஒரே மாதிரி பேசியதில்லை. கிழவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்: எங்கள் காலத்தில் இந்தக் கலரா இருந்தது, இந்தப் படமா இருந்தது, இருந்ததை வைத்து நாங்கள் ஆடவில்லையா என்று. மகன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன ஆயுத பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். பதினொரு வயது. அவள் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 பெட்டியில் டாங்கி காங் பனான்ஸா என்ற கேமை ஆடிக்கொண்டிருந்தாள். 2025 ஜூலையில் வந்தது. குரங்கு கையாலேயே பாறை, மண், சுவர் எல்லாவற்றையும் இடித்துத் தோண்டிக்கொண்டு போகிறது. தோளில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், பாடுகிறாள். அவள் பாடினால் குரங்குக்கு வேறு உருவமும் புது பலமும் வருகிறது. ராத்திரி தங்குகிற இடத்தில் தூங்கப்போகுமுன் தன் மனதில் இருப்பதையெல்லாம் அதனிடம் சொல்கிறாள். பெயர் என்ன என்று கேட்டேன். பௌலின், பதிமூன்று வயது என்றாள் பேத்தி.

பௌலின்! நாற்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் உத்தரத்தின் உச்சியில் இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் அதுதான். அதே ஆள்தான் சின்ன வயதில் இப்படியா, இல்லை பெயர் மட்டும்தானா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, “இந்தக் குரங்கு இவளைத்தான் தூக்கிட்டுப் போச்சு தெரியுமா” என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. “தாத்தா, இவன் அப்படி இல்ல” என்றாள்.

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினோம். அடாப்டர் செத்துப்போயிருந்தது. கடைத்தெருவில் 9 வோல்ட் ஒன்று வாங்கி வந்தேன். ஓரமாகக் கிடந்த பழைய டிவியில் மாட்டி, கேசட்டை நாலு தடவை ஊதியபின் படம் வந்தது. முதல் கேமை அவள் மூன்று நாள் ஆடினாள். மூன்றாம் நாள் எட்டாவது ரிவெட் கழன்றது, குரங்கு தலைகுப்புற விழுந்தது. கைதட்டுவாள் என்று பார்த்தேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, “அடி பட்டிருக்குமா?” என்றாள். பிறகு, “அடுத்தது என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

ஜூனியரைப் போட்டுக் கொடுத்தேன். மாரியோ அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒற்றைக் கொடியில் ஊர்ந்து ஊர்ந்து இரண்டு உயிரை விட்டாள். இரண்டையும் சேர்த்துப் பிடி என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது உயிரில் அவளே பிடித்துக்கொண்டாள்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட வேண்டுமென்றால் வழக்குப் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், பர்மா பஜாரையும் எடுத்துவிடலாம். கொடி பிடிக்கிற இடத்தை மட்டும் விட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
முன்னாள் வீடியோ கேம் கடைக்காரன்,
மன்னார்குடி.