வெளுத்த காருக்கு மண்ணெண்ணெய் மருந்தில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்டுக் குறிப்பு பகுதியில, வெளுத்துப்போன பழைய கார் பளபளக்க மண்ணெண்ணெயில கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து தொடைங்கன்னு ஒரு வாசகர் எழுதியிருந்தாரு. எங்க மாமா அதப் படிச்சிட்டு பேப்பர மடிச்சு வச்சிட்டு, "நீ எழுதும்மா அவுகளுக்கு ஒரு லெட்டர்"னு சொன்னாக. மாமா மண்டபம் ஊர்ல பைபர் வள்ளம் (கண்ணாடி இழைப் படகு) ரிப்பேர் பாக்குறவுக, அவுகளுக்கு எழுத நேரம் கெடையாது, அதனால நான் எழுதுறேன்.

எங்க வீடு உச்சிப்புளி பக்கம். எங்க அத்தா (அப்பா) வெளிநாட்டுல இருந்து வந்து வாங்குன மாருதி 800 ஒண்ணு இருக்கு, 2006 மாடல், செவப்பு. வாங்குன புதுசுல நம்ம ஊரு முண்டு மிளகாப் பழம் மாதிரி இருக்கும், அத்தா தினம் காலையில தொழுதுட்டு வந்து அதத் தொடச்சிட்டுத்தான் டீயே குடிப்பாக. அத்தா தவறிப்போனதுக்கப்புறம் நாலஞ்சு வருஷம் வாசல்ல வெயில்லயே கெடந்துச்சு. பானெட்டும் கூரையும் ரோஸ் கலராகி அப்புறம் வெள்ளையா பூத்து, கை வச்சா கையில சாக்பீஸ் தூள் மாதிரி ஒட்டும். 15 வருஷம் முடிஞ்சு 2021-ல ஒரு தடவ ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவ திரும்பப் புதுப்பிக்கணும். சரி பெயிண்ட் அடிச்சிரலாம்னு ஒரு பட்டறையில கேட்டா 28 ஆயிரம் சொன்னாரு, வெளுத்த வண்டிய எப்.சி.க்கு, அதான் தகுதிச் சான்றுக்கு, எடுத்துக்கவே மாட்டாங்கன்னு வேற பயங்காட்டுனாரு, அதோட செவப்பு நம்ம ஊருக்கு நிக்காதுக்கா வெள்ளை அடிச்சிருவோம்னாரு. கலர் மாத்துனா ஆர்.சி.லயும் மாத்தணும், அத அவரு வாயத் தெறந்து சொல்லவே இல்ல. 2021-ல நாங்க இதே வெளுத்த கோலத்தோடதான் போனோம், லைட்டு பிரேக்கு ஹாரன்தான் பாத்தாங்க, மினுமினுப்ப யாரும் கேக்கல. துரு பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா அது வேற கத.

மாமா வந்து பாத்துட்டு முதல்ல செஞ்ச வேல, கதவத் தெறந்து உள் ஓரத்தக் காட்டுனதுதான். உள்ள அப்படியே மிளகாப் பழம். பின்னாடி கண்ணாடிக்குக் கீழ அத்தா ஒட்டியிருந்த ஸ்டிக்கர உரிச்சா அதுக்கு அடியிலயும் புதுசு மாதிரி செவப்பு. "கடல் காத்துதான் வெளுக்க வச்சிச்சுன்னா இங்கயும் காத்து வந்திருக்கும்ல, வெயில் படாத எடம் மட்டும் எப்படித் தப்பிச்சிச்சு"ன்னு கேட்டாக. எனக்கு அதுவரைக்கும் எல்லாரும் சொல்ற மாதிரி உப்புக் காத்துதான் காரணம்னு நெனப்பு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரும் காத்துல இருக்கிற ஆக்சிஜனும் சேந்து பெயிண்ட்ட இறுக்கிப் புடிச்சு வச்சிருக்கிற பசைய உதுத்துருது, பசை போனா கலர்த் தூள் மட்டும் மேல தங்கி நிக்கும், அதுதான் கையில ஒட்டுற பொடி. வள்ளத்துலயும் இதே கததான், நாலு வருஷம் வெயில் தின்ன பைபர் வள்ளத்துல சாஞ்சு நின்னா சட்டையெல்லாம் பவுடர் ஆகுமே, அது. உப்போட வேல வேற எடத்துல, கல்லடிச்சு பெயிண்ட் தெறிச்ச புள்ளி வழியா உள்ள போய் தகட்டத் திங்கும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறோம்.

இப்ப மண்ணெண்ணெய் விஷயத்துக்கு வர்றேன். மழையில நனைஞ்ச கருங்கல்லு கருகருன்னு தெரியும், காஞ்சதும் பழையபடி சாம்பலாப் போயிரும்ல, அந்தக் கணக்குதான் இது. எண்ணெய் பொடியில ஊறி ஈரமா நிக்கிற வரைக்கும் கலர் தெரியும், ரெண்டு நாள்ல பறக்குற மண்ணெல்லாம் அதுல அப்பிக்கும், அப்புறம் அதயே துணி போட்டுத் தேய்ச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான். பல்லு தேய்க்கிற பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறவங்களும் இருக்காங்க, ஹெட்லைட் மஞ்சளுக்கு அது ஓரளவு கேக்கும், ஆனா கொஞ்ச மாசத்துல திரும்ப மஞ்சள் ஏறிடும்.

தேய்க்கிறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது உங்க வண்டியில எந்த மாதிரி பெயிண்ட்டுங்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில வெள்ளத் துணியில கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்ங்க. துணியில கார் கலரே வந்தா கலரும் பளபளப்பும் ஒரே பூச்சுல இருக்கிற பழைய முறை, எங்களுது அதுதான், துணி ரத்தம் மாதிரி ஆனதும் நான் பயந்துட்டேன், மாமா "செத்த தோலு உரியுது, பயப்படாத"ன்னாக. கலர் வரலைன்னா மேல கிளியர் கோட்னு கலரில்லாத பளபளப்புப் பூச்சு ஒண்ணு இருக்குன்னு அர்த்தம், மெட்டாலிக் கலர் வண்டியெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். கிளியர் கோட் மங்கலா மட்டும் இருந்தா பாலிஷுக்குத் திரும்பும், ஆனா பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சு ஓரம் தூக்கிருச்சுன்னா எத்தன டப்பா போட்டாலும் வராது, அந்தப் பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சுதான் ஆகணும். இத நேர்மையாச் சொல்லிரணும், இல்லன்னா என் பேச்ச நம்பி யாராச்சும் ஒரு வாரம் தேய்ச்சிட்டு என்னத் திட்டுவாங்க.

மொத நாள் நல்லாக் கழுவுனோம், ஷாம்பு வாளி ஒண்ணு, துணி அலச வாளி ஒண்ணு. அப்புறம் கிளே பார்னு களிமண் மாதிரி ஒண்ணு, ஈரத்துல வச்சு இழுத்தா பெயிண்ட்டுல குத்திக்கிட்டு இருக்கிற தூசியெல்லாம் அதுல வந்துரும், வழுவழுன்னு ஆயிரும். கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டணும், ஒரு எடத்துல விட்டுட்டேன், தேய்க்கிற காம்பவுண்ட் பசை பட்டு அந்த ரப்பர் பீடிங் வெள்ளையாப் போச்சு, இன்னும் போகல. தேய்க்கிறது நெழல்ல, தகடு சூடில்லாம. எங்க ஊர்ல காலையில ஒம்பது மணிக்கே பானெட்டுல முட்ட பொரிக்கலாம், அதனால பஜ்ர் (விடிகாலை) தொழுகைக்கு அப்புறம் ஆரம்பிச்சு எட்டரைக்கு நிறுத்திருவோம். ரெண்டடிக்கு ரெண்டடி ஒரு கட்டம்னு பிரிச்சுக்கிட்டு மொதல்ல ரப்பிங் காம்பவுண்ட், அது விட்ட கோட்ட எடுக்க பாலிஷ், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற துணி. பெரும்பாலும் கையாலதான், மொத்தம் ஆறு காலை ஆச்சு, தோள்பட்ட ரெண்டும் போச்சு. அஞ்சாவது நாள் பானெட் பாதி செவப்பு பாதி வெள்ளையா நின்னப்ப எங்க அம்மா வாசல்ல வந்து ஒண்ணுமே பேசாம கொஞ்ச நேரம் பாத்துட்டு உள்ள போயிட்டாக.

ஆறாவது நாள் தப்பு பண்ணுனது நான்தான். சீக்கிரம் முடிக்கணும்னு தெரிஞ்ச பையன்கிட்ட சுத்துற பாலிஷ் மெஷின் வாங்கிட்டு வந்து மாமா இல்லாத நேரத்துல ஓட்டுனேன், பானெட் ஓரத்து மடிப்புல ஒரு செகண்டு நின்னிருக்கும், அவ்ளோதான், செவப்பு போய் கலருக்கு அடியில இருக்கிற சாம்பல் கலர் பிரைமர் பூச்சு பல்லக் காட்டிருச்சு. மடிப்புலயும் ஓரத்துலயும் பெயிண்ட் லேசா இருக்கும், மெஷின் அங்கதான் முதல்ல திங்கும். கம்பெனி பெயிண்ட் மொத்தமே, பிரைமரோட சேத்து, 100-லேர்ந்து 150 மைக்ரான்தான், உங்க பேப்பர் தாள் ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு வச்சா வர்ற தடிமன், அதுல நாம தேய்ச்சு எடுக்கிறது திரும்பி வரப்போறதில்ல. வருஷா வருஷம் காம்பவுண்ட் போடுறேன்னு சொல்றவங்களுக்கு இதத்தான் சொல்லணும். மெஷின் வேணும்னா சுத்திக்கிட்டே ஆடுற டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்க, அது லேசுல சுடாது.

தேய்ச்சு முடிச்சதும் மேல வேக்ஸ் (மெழுகு) போடலைன்னா நம்ம வெயிலுக்குச் சீக்கிரமே திரும்ப வெளுக்க ஆரம்பிச்சிரும். நல்ல வேக்ஸ் கார்நாபான்னு பிரேசில் நாட்டுப் பனை மரத்து ஓலையில இருந்து எடுக்கிறதாம், பனங்காட்டு ஊர்ல பொறந்துட்டு பிரேசில் பனைக்கு காசு குடுக்குறோமேன்னு மாமாவுக்கு ஒரே சிரிப்பு. ரெண்டு மூணு மாசம் தாங்கும், கத்திரி வெயில்ல அதுகூட கஷ்டம்.

எங்க ஊர்ல பெரிய தலவலி தண்ணி. போர் தண்ணி உப்பு, அதுல கழுவிக் காய விட்டா வெள்ள வெள்ளயா வட்டம் விழும், அப்புறம் அத எடுக்க ஒரு பாலிஷ். காவிரித் தண்ணியில கழுவுனா அம்மா வையிறாக, அதுவும் நியாயந்தான், கொடம் கொடமா புடிச்சு வச்சுக் குடிக்கிற ஊர்ல காருக்குக் குளிப்பாட்டா. ஐப்பசி கார்த்திகையில மாடித் தண்ணிய டிரம்ல புடிச்சு வச்சு ஓட்டுறோம், மத்த நாள்ல போர் தண்ணியில கழுவிட்டு கடைசியா ஒரே ஒரு வாளி நல்ல தண்ணி, ஊத்துன கையோட ஈரந்தொடச்சிரணும்.

இன்னொண்ணு, ராமேஸ்வரம் பக்கம் டாக்சி ஓட்டுற தம்பிங்களுக்கு. 2017-ல தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு தெறந்ததுல இருந்து எல்லா வண்டியும் அங்க போயிட்டு வருது, போயிட்டு வந்த உடனே பனியன் துணியால வறட்டுத் தொடை தொடைக்கிறத ஸ்டாண்டுல நானே பாக்குறேன். தனுஷ்கோடி மண்ண பெயிண்ட்டு மேல வச்சு அரைக்கிறீங்கப்பா. வெயில்ல பாத்தா சிலந்தி வல மாதிரி கோடு கோடாத் தெரியுதே, அது அதுலதான் வருது. ஒரு மக்கு தண்ணி ஊத்தி மண்ண எறக்கிட்டு அப்புறம் தொடைங்க. கவர் போடுறவங்களும் தூசியோட போடாதீங்க, எங்க தெருவுல ஒருத்தரு கவர் பறக்காம இருக்க பழைய வலைய மேல போட்டுக் கட்டி வச்சிருக்காரு, கச்சான் காத்து அடிக்கிற மாசமெல்லாம் அந்த வலையும் கவரும் சேந்து ஆடி ஆடி நாலு மூலையிலயும் பெயிண்ட்ட வழிச்சு எடுத்துருச்சு.

எங்களுக்கு ஆன செலவு மொத்தம் 1,800 ரூபா, மெஷின்காரப் பையனுக்கு வாங்கிக் குடுத்த பிரியாணி தனி. பானெட் ஓரத்துல அந்தச் சாம்பல் கோடு இன்னும் இருக்கு, டச்சப் பெயிண்ட் சின்ன பாட்டில் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், காத்துல மண்ணு பறக்காத ஒரு காலையில தொட்டு வைக்கலாம்னு மாமா சொல்லியிருக்காக. அந்த மண்ணெண்ணெய்க் குறிப்பு எழுதுன வாசகர் இந்தப் பக்கம்தான்னா அவரு வண்டியையும் மண்டபத்துக்குக் கொண்டாரச் சொல்லுங்க, மாமா ஒரு கட்டம் தேய்ச்சுக் காட்டுவாக, மிச்சத்த அவரு தேய்ச்சுக்கிரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்