எங்கள் பையனை இன்டர்வியூவுக்குத் தயார்ப்படுத்தியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

எங்கள் மகன் இந்த மாதம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் இருப்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். பி.காம். முடித்தான், டாலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றான், வேலை செய்யவும் ஆசையாக இருந்தான். இன்டர்வியூ என்ற வாசலில் மட்டும் திரும்பத் திரும்ப நின்றுபோனான். அந்த வாசலைத் தாண்ட வைத்தவர்கள் நீங்கள். ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லிவிட்டோம். ஆனாலும் நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்பது இதே கவலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அவன் படித்துச் சம்மதம் சொன்ன பிறகே இது வெளிவருகிறது. யார் பெயரும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான், போடவில்லை.

முதல் நன்றி எங்கள் அடுக்ககத்து வங்கி மாமாவுக்கு. வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்தவர். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி அவனை ஏன் திணற வைக்கிறது என்பதை முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். எங்கே ஆரம்பிப்பது, எதைச் சொல்வது, எதை விடுவது, எப்போது நிறுத்துவது என்று அந்தக் கேள்வியில் ஒன்றுமே இல்லை. அவன் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்குவான். இல்லையென்றால் வாயே திறக்க மாட்டான். மாமா அதை மூன்றாக உடைத்தார்: என்ன படித்தாய், என்ன வேலை தெரியும், இந்த வேலை ஏன் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் போதும் என்றார்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டார். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் அதைக் கேட்பவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது. "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்பவருக்கு உன் குறைகளின் முழுப் பட்டியல் வேண்டாம்; வேலையில் உனக்கு எது சிரமம், அதை எப்படிச் சமாளிக்கிறாய் என்பது வேண்டும். "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்றால் வீட்டு முகவரியைக் கேட்கவில்லை, இந்த வேலையில் நிலைத்து நிற்பாயா, மேலும் கற்றுக்கொள்வாயா என்று கேட்கிறார்கள். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதினார். அவனுக்குப் பொய் சொல்ல வராது, மாமாவும் பொய் சொல்லச் சொல்லித் தரவில்லை. இருவரும் சேர்ந்து பலவீனத்துக்கு ஒரு பதில் தயார் செய்தார்கள்: "வாயால் சொல்லும் வேலையில் ஏதாவது விட்டுவிடுவேன். எழுதிக் கொடுத்தால் விடுபடாமல் செய்வேன்." இன்றைக்கு அவன் அலுவலகத்தில் வேலையை எழுதித்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பதிலால் வந்த பலன் அது.

மாதிரி இன்டர்வியூ நடத்திய அக்கம்பக்கத்தாருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கு, ஓரிடத்தில் ஒருவரிடம் பழகியது வேறிடத்தில் வேறு ஆளிடம் தானாக வந்துவிடாது. வீட்டில் அம்மா கேட்டால் பதில் சரளமாக வரும். புது அறையில் புது முகம் கேட்டால் அதே பதில் காணாமல் போகும். ஆகவே புது முகங்கள் வேண்டும் என்றோம், வந்தீர்கள். மாடிவீட்டு அக்கா தன் அலுவலகத் தோழிகளை அழைத்து வந்தார். மருந்துக்கடை அண்ணன் கடையை மூடிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, அதிகாரி மாதிரி வந்து சங்க அறையில் உட்கார்ந்தார். ஒருவர் வேகமாகப் பேசினார், ஒருவர் நடுவில் குறுக்கிட்டார், ஒருவர் வேண்டுமென்றே போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இதெல்லாம் நடக்கும், நடந்தாலும் பதற வேண்டாம் என்று அவனுக்கு அங்கேதான் பழக்கமானது. "இன்னொரு முறை கேட்க முடியுமா?", "யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்ற இரண்டு வாக்கியங்களையும் அங்கேதான் தயங்காமல் சொல்லக் கற்றான். தெரிந்த பதில்களைவிட இந்த இரண்டும்தான் அவனுக்கு அதிகம் கைகொடுத்தன என்பது என் எண்ணம்.

பேச்சுப் பயிற்சியாளர் அம்மாவுக்கு என் தனிப்பட்ட நன்றி. கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குங்கள் என்று பலரும் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கும்படி தன்னைக் கட்டாயப்படுத்திக்கொண்டால், கேள்வியைக் காதில் வாங்குவதற்கே கவனம் மிஞ்சாது என்று விளக்கினார். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் எடுத்துச் சொன்னார். ஆட்டிசம் உள்ளவர்கள் பேசுவதைச் சில விநாடி பார்த்தவர்களும் கேட்டவர்களும் அவர்களை மற்றவர்களைவிடக் குறைவாக மதிப்பிட்டார்களாம். அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லையாம். அதாவது சொன்ன விஷயத்தில் குறை இல்லை, சொன்ன விதத்தைப் பார்த்துத்தான் எடைபோட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு மனசு வலித்தது; கூடவே ஒரு தெளிவும் வந்தது. அவர் சொன்னபடி இன்டர்வியூ தொடங்கும்போதே ஒரு வாக்கியம் சொல்லப் பழகினான்: "பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்காமல் இருப்பேன், ஆனால் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன்."

டெய்லர் அண்ணன் சட்டைக் காலரில் உறுத்தும் லேபிளையெல்லாம் தடம் தெரியாமல் பிரித்து, உள்தையலை மெத்தென்று மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு வழிகாட்டிய ஊழியருக்கும் நன்றி.

டாலி வகுப்பு ஆசிரியர் செய்தது பெரிய காரியம். கால்நடைப் பண்ணைகளுக்குத் தொழுவமும் பாதையும் வடிவமைத்துப் புகழ்பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். பேச்சால் வேலை கேட்பதைவிடத் தன் வரைபடங்களைக் காட்டியே வேலை பிடித்ததாக அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் அதைச் சொல்லி, "நீயும் உன் வேலையைக் காட்டு" என்று ஒரு ஃபைல் தயாரிக்க வைத்தார்.

அவன் வேலை என்னவென்று சொன்னால்தான் அந்த ஃபைலின் அருமை புரியும். ஜிஎஸ்டி தளத்தில் மாதாமாதம் 2பி என்றொரு பட்டியல் வரும். நமக்குப் பொருள் விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களெல்லாம் அதில் இருக்கும். நம் கொள்முதல் பதிவேட்டோடு அதை ஒப்பிட வேண்டும். பில் அதில் ஏறாவிட்டால் இன்புட் கிரெடிட் கிடைக்காது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வணிகருக்கும் 15 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு எண். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் பான் எண். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே, பெங்களூரு முகவரி போட்ட பில்லில் எண் 33 என்று தொடங்கினால் அவன் கண் அங்கே நின்றுவிடும். மற்றவர்களுக்குச் சலிப்பூட்டும் இந்த வேலை அவனுக்குப் பிடித்த வேலை. ஆசிரியர் மாதிரிப் பில்களைக் கொடுத்து, அவன் கண்டுபிடித்த பிழைகளைத் திருத்தத்தோடு அச்செடுத்து ஃபைலில் வைத்தார்.

கடைசியாக, அவனுக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு மேடம். இதற்கு முன் ஓரிடத்தில் ஆட்டிசம் என்று சொன்னதும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். அதனால் உங்களுக்குக் கடிதம் எழுதும்போது எங்களுக்குப் பயம் இருந்தது. நீங்கள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவருக்கு என்ன செய்து தர வேண்டும்?" கேள்விகளை முந்தின நாளே எழுதி அனுப்பினீர்கள். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஒருவரே போதும் என்றீர்கள். காத்திருக்கச் சத்தமில்லாத அறை கொடுத்தீர்கள். வாசல், லிஃப்ட், அந்த அறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்பினீர்கள். பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, நிஜமான 2பி பட்டியலைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னீர்கள். அதைப் பார்த்துத்தான் அவனை எடுத்தீர்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தருவதைப் பற்றியும் அது பேசுகிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்பது விதி. ஆனால் சட்டத்தின் பெயரைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. அதற்கு முன்பே நீங்கள் செய்துவிட்டீர்கள். நீங்கள் மாற்றியவை எல்லாம் செலவில்லாதவை. மற்ற அலுவலகங்கள் இதைப் படித்தால் அந்த ஒன்றையாவது கவனிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

வங்கி மாமாவின் நோட்டை அவர் அனுமதியோடு தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். வேண்டும் என்கிற பெற்றோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவில் ஆட்டிசம் உள்ள ஒரு பெண் கணினி படித்துவிட்டு இப்போது இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள். அவளுக்காகச் சங்க அறையில் ஞாயிறு மாலைகளில் மாதிரி இன்டர்வியூ தொடங்குகிறது. மருந்துக்கடை அண்ணன் வருவதாகச் சொல்லிவிட்டார். அவள் இதுவரை பார்க்காத முகங்கள் இன்னும் சிலர் வேண்டும், முடிந்தவர்கள் வாருங்கள்.

நன்றியுடன்,
அவனுடைய அப்பாவும் அம்மாவும்