பிகோல் வாசல்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மடல் ஐந்து வருடத்துக்கும் மேல் தாமதமாக வருகிறது. முதலில் அதற்கு என்னை மன்னியுங்கள்.

போன மாதம் என் தங்கைக்கு ஊழிய அழைப்புக் கடிதம் வந்தது. அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், "அண்ணா, நீ போன ஊர்ல யார் யார் உனக்கு என்ன செஞ்சாங்க, ஒண்ணு விடாம சொல்லு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினொன்றரை மணி வரை சொன்னேன். சொல்லச் சொல்லத்தான், இவர்களில் பாதிப் பேரிடம் ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது உறைத்தது. நான் போயிருந்த பிலிப்பைன்ஸின் பிகோல் பகுதி மக்களுக்கு, அந்நாட்டுத் தகாலோக் மொழியில் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நன்றிக்குரியவர்கள் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வழியனுப்பி வைத்த பையனை அங்கே யார் தாங்கிப் பிடித்தார்கள் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் இது தமிழில்.

தெரியாதவர்களுக்கு: நான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். வெளியில் மார்மன் என்றுதான் சொல்வார்கள். எங்கள் சபையில் பையன்கள் 2 வருடமும் பெண்கள் ஒன்றரை வருடமும் சம்பளமில்லாமல் ஊழியத்துக்குப் போவது உண்டு. எந்த ஊர் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கடிதம் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். எனக்கு வந்தது பிலிப்பைன்ஸ் நாட்டில், பிகோல் பகுதியிலுள்ள லெகாஸ்பி மிஷன், அதாவது ஊழியப் பகுதி. 2018 மே மாதம் கிளம்பும்போது எனக்கு வயது 19. அதுவரை நான் போயிருந்த தூரத்து ஊர் பெங்களூருதான்.

அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்பா எங்கள் சபையில் இல்லை. கிருத்திகை தவறாமல் மருதமலைக்குப் போகிறவர். நானும் அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் பேசாமல் இருந்த மாதங்களும் உண்டு. ஆனால் கிளம்பும் அன்று விமான நிலைய வாசலில், மடித்த காகிதத்தில் விபூதிப் பொட்டலம் ஒன்றை என் சட்டைப்பையில் வைத்து, "உங்க சாமி பார்த்துக்கும். இதும் இருக்கட்டும்" என்றார். அப்பா, அந்தப் பொட்டலம் 2 வருடமும் என் பெட்டியில்தான் இருந்தது. உங்களுக்கு உடன்பாடில்லாத ஒரு காரியத்துக்கு உங்கள் பிள்ளையை அனுப்பினீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பம்ப்செட் பட்டறை முதலாளி ஐயாவுக்கு நன்றி. ஊழியத்துக்கான செலவில் என் பங்கை அவரிடம் வேலை பார்த்துத்தான் சேர்த்தேன். விடைபெறப் போனபோது, "போயிட்டு வா கண்ணு, லேத்து எங்கயும் ஓடிடாது" என்றார். திரும்பி வந்தபோது கொரோனாவால் ஊரே முடங்கிக் கிடந்தது, ஆர்டரும் இல்லை. அப்போதும் சொன்ன சொல் மாறாமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

எதிர்வீட்டு அக்காவுக்கும். நான் போன முதல் ஒன்பது மாதம் வீட்டுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல்தான். போனில் பேசுவது வருடத்தில் 2 நாள் மட்டும். வாராவாரம் பேசலாம் என்று சபை விதி மாறியது 2019 பிப்ரவரியில்தான். அம்மாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது. திங்கட்கிழமை எங்களுக்குச் சொந்த வேலை பார்க்கும் நாள். அன்றைக்கு நான் படிக்க வேண்டும் என்று, ஞாயிறு சாயங்காலமே அம்மா சொல்லச் சொல்ல அக்கா தட்டி அனுப்புவார்கள். அம்மா இருமினால்கூட "இங்கே இருமுறாங்க" என்று எழுதிவிடுவார்கள். அதைப் படிக்கும்போது நான் வீட்டுத் திண்ணையில் இருப்பேன்.

சரி, இனி கடல் கடந்து.

மணிலா கேசான் சிட்டியில் 6 வாரம் பயிற்சி. 1984-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட மணிலா ஆலயம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆலயம் என்பது எங்கள் சபையில் வாராவாரம் கூடும் கட்டடம் அல்ல, அது தனி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்போது அது விமானம் ஏறிப் போக வேண்டிய இடம். நான் முதன்முதலாக ஓர் ஆலயத்துக்குள் கால் வைத்தது அங்கேதான். அந்தக் காலையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், அது எனக்குள்ளேயே இருக்கட்டும். தகாலோக் கற்றுத்தந்த ஆசிரியர்கள் இருவருமே ஊழியம் முடித்து வந்த கல்லூரி மாணவர்கள். என் நாக்கில் ஒட்டாத சொற்களைச் சலிக்காமல் திருத்தினார்கள். அவர்களுக்கு நன்றி.

அங்கே கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். "மனுஷன் வந்திருக்கேங்க" என்பதுபோல ஓர் அழைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் அப்படிக் கூப்பிட்டிருப்போம்! வெயிலில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பெரும்பாலான வீடுகளில் நாங்கள் கொண்டுபோன செய்தி வேண்டாம் என்றார்கள். ஆனால் வேண்டாம் என்று சொன்ன அதே வாயால் "கைன் தாயோ", வாங்க சாப்பிடலாம், என்றார்கள். தட்டில் சோறும் ஒரே ஒரு கருவாடும் இருந்த வீட்டிலும் அந்த அழைப்பு வந்தது. செய்தியை வாங்காமல் எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்ட அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் இந்த மடலில் முதல் இடம் உண்டு. ஊருக்கு வந்தபிறகு சபையில் எல்லோரும் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்றுதான் கேட்டார்கள். எத்தனை வீட்டில் சாப்பிட்டாய் என்று யாரும் கேட்கவில்லை.

லெகாஸ்பிக்குப் பக்கத்து ஊரான தராகாவில் இருந்த லோலோவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லோலோ என்றால் தாத்தா. தீவிரக் கத்தோலிக்கர். செப்டம்பரில் நாகா நகரத்தில் பெனாஃபிராஞ்சியா மாதா திருவிழா. ஆற்றில் மாதாவின் சுரூபத்தைப் படகில் கொண்டுவருவார்கள். இளம்வயதிலிருந்தே அந்தப் படகு ஊர்வலத்துக்குப் போனவர் அவர். முதல் நாளே, "நான் மாற மாட்டேன் தம்பி. ஆனா உன் தகாலோக் ரொம்ப மோசம். வியாழக்கிழமை வா" என்று சொல்லிவிட்டார். நாலு மாதம் வியாழன்தோறும் போனோம். நான் எங்கள் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்திலிருந்து ஓர் அதிகாரம் உரக்க வாசிப்பேன், அவர் உச்சரிப்பைத் திருத்துவார். அவர் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் மாயோன் எரிமலை, கவிழ்த்து வைத்த கூம்புபோல, முழுசாகத் தெரியும். 2018 ஜனவரியில் அது வெடித்தபோது பள்ளிக்கூடத்தில் தங்கிய கதையெல்லாம் சொல்லுவார். அவர் கடைசிவரை மாறவில்லை. எனக்காக ஜெபமாலை சொல்லியிருக்கிறார் என்று பிறகு அவர் மகள் சொன்னார். லோலோ, உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்து "மானோ போ" சொல்ல இன்னொரு வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிகோல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் தங்கை விடமாட்டாள். பிலிப்பைன்ஸில் காரம் குறைவு என்பார்கள். பிகோல் மட்டும் விதிவிலக்கு. சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாய் போட்டு வற்ற வற்றச் சமைப்பார்கள், லாயிங் என்று பெயர். முதல் வாய் சாப்பிட்டபோது என் அம்மிச்சி சமையலறையில் இருப்பதுபோல இருந்தது. முருங்கைக்கு அங்கே மலுங்கை என்று பெயர். அரிசிமாவு ஆவியில் வெந்து, இட்லிக்குத் தம்பி மாதிரி இருப்பது புத்தோ. லெகாஸ்பியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்த் தம்பி, ஜீப்னி என்ற அந்த ஊர்ப் பொது வண்டியில் என் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு "அண்ணா, தமிழா?" என்று கேட்டான். மறுவாரம் தன் வீட்டிலிருந்து வந்த ரசப்பொடியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான். தம்பி, நீ இப்போது டாக்டராகியிருப்பாய். எங்கே இருந்தாலும் நன்றாயிரு.

2019 ஆகஸ்டில் எனக்கு டெங்கு வந்தது. அந்த வருடம் அந்நாட்டு அரசு டெங்குவைத் தேசிய அளவிலான கொள்ளைநோய் என்று அறிவிக்கும் அளவுக்குப் பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதே பெரிது. என் துணை ஊழியர் மிந்தனாவோ தீவுக்காரர், என்னைவிட ஒரு வயது இளையவர். எங்கள் விதிப்படி துணை ஊழியர்கள் ஒருவரையொருவர் பிரியக் கூடாது. ஆனால் அவர் அங்கே இருந்தது விதிக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து ராத்திரி என் கட்டிலுக்குக் கீழே அட்டையை விரித்துப் படுத்தார். மூன்றாம் நாள் ராத்திரி எலும்பெல்லாம் பிளந்துகொண்டு போவதுபோல வலி. நான் தமிழில் என்னென்னவோ புலம்பியிருக்கிறேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. எழுந்து உட்கார்ந்து, என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விடியும்வரை பிடித்துவிட்டார். நான் சொன்னதில் "அம்மா" மட்டும் புரிந்தது என்று பிறகு சொன்னார்.

அந்த நாட்களில்தான் நனாய் வந்தார்கள். நனாய் என்றால் அம்மா. எங்கள் கிளைச் சபையைச் சேர்ந்தவர், பெட்டிக்கடை வைத்திருப்பவர். ஃபிளாஸ்கில் ஏதோ பச்சைக் கஷாயம் கொண்டுவந்தார்கள். செடியையும் கையோடு பிடுங்கி வந்து காட்டினார்கள், தவாதவா என்று பெயர். பார்த்தால் நம்மூர் அம்மான் பச்சரிசி! பட்டறைக்குப் பின்னால் மிதித்துக்கொண்டு போகும் செடி. என்னைக் குணமாக்கியது டாக்டர்கள் கொடுத்த சிகிச்சைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செடியைக் கண்டதும் அழுதுவிட்டேன். நனாய் என் தலைமுடியைக் கோதிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் கடை ஒருநாள் பூட்டினால் மறுநாள் கொள்முதலுக்குப் பணம் இருக்காது. ஐந்து நாளும் வந்தார்கள்.

அதே வருடம் டிசம்பர் 2 ராத்திரி திசோய் புயல் பிகோலின் சோர்சோகோன் மாகாணத்தில் கரையேறியது. சபைக் கட்டடத்தில் பக்கத்துத் தெருக் குடும்பங்களோடு தங்கியிருந்தோம். மழை ஜன்னலில் அறைவது கேட்டு, யாரும் தூங்கவில்லை. எங்கள் சபைப் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்துச் சகோதரிகள் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பெரிய குண்டான் நிறையக் கஞ்சி காய்ச்சினார்கள். தங்கள் சொந்தக் கூரை இருக்கிறதா பறந்ததா என்று தெரியாமலே கரண்டியால் எல்லோருக்கும் ஊற்றினார்கள். விடிந்து பார்த்தால் அவர்களில் இருவர் வீட்டுக்குத் தகரமே இல்லை. அடுத்த பத்து நாள் ஆணியும் சுத்தியலுமாக எங்களுக்குக் கூரை வேலைதான்.

அப்புறம் 2020 மார்ச்.

நாங்கள் இருந்த லூசான் தீவு முழுவதும் கொரோனா ஊரடங்கு. வெளிநாட்டு ஊழியக்காரர்கள் எல்லோரும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று செய்தி வந்தது. எனக்கு இன்னும் 2 மாதம் பாக்கி. பெட்டி கட்ட ஒரு ராத்திரிதான் அவகாசம். யார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொள்ள வழியில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வேன் வந்தது. பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது இருட்டில் செருப்புச் சத்தம். நனாய். தலையில் துண்டு, முகத்தில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார்கள். கிட்டே வரவில்லை, வரக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். பத்தடி தள்ளி ஒரு நீல பிளாஸ்டிக் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்கள். நான் போய் எடுத்தேன். உள்ளே அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சுடச்சுட. "இங்காத், அனாக்" என்றார்கள். பத்திரம், மகனே. வேன் கிளம்பிவிட்டது. நான் நன்றி சொல்லவில்லை. வாயைத் திறக்க முடியவில்லை.

மணிலா வந்து சேர்ந்தபோது, பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தியா மார்ச் 17-ஆம் தேதியே கதவை மூடியிருந்தது. அமெரிக்கப் பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். நான் இருந்துவிட்டேன். அந்த வாரங்களில் சோறு கொண்டுவந்து கேட்டில் வைத்துவிட்டு, வெளியிலிருந்தே எங்களோடு கீர்த்தனை பாடிவிட்டுப் போன வயதான தம்பதிக்கு நன்றி. தூதரகத்துக்கும் விமான நிறுவனத்துக்கும் எனக்காகத் திரும்பத் திரும்ப போன் செய்த மிஷன் அலுவலகச் சகோதரிக்கு நன்றி. ஒருவழியாக ஜூனில், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானம் ஒன்றில் இடம் கிடைத்தது. தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது அப்பா தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த நீல டப்பா இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கழுவித் துடைத்து அலமாரியில் வைத்த அம்மா, "வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது கண்ணு" என்று அன்றைக்கே சொன்னார்கள். போன வாரம் அதில் எள்ளுருண்டையும் முறுக்கும் நிரப்பி, மேலே அப்பா கையால் இரண்டு சுற்று டேப் ஒட்டி, நனாய் முகவரிக்கு அனுப்பிவிட்டோம். கிடைத்ததும் ஒரு வரி போடுங்கள், நனாய். முறுக்கு உடைந்திருந்தால் கஞ்சியில் போட்டுச் சாப்பிடுங்கள், நன்றாயிருக்கும்.

பிகோல் மொழியில் நன்றிக்கு "டியோஸ் மபாலோஸ்" என்பார்கள். கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரட்டும் என்று அர்த்தம்.

டியோஸ் மபாலோஸ், எல்லோருக்கும்.

உங்கள் மகன், தம்பி, அண்ணன்,
கோயம்புத்தூரிலிருந்து