மே மாதத்தில் வராதே

யாழ்ப்பாணம்

அன்புள்ள கோபால்,

கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மகள் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், வீட்டில் நானும் உன் தங்கை என்று நீ உரிமை கொண்டாடும் அவளும்தான்.

"எங்கள் பத்திரிகையில் நெடுந்தீவு என்றால் 'நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது' என்ற ஒற்றை வரிதான். அங்கே வேறு என்னதான் இருக்கிறது?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. மே மாத விடுமுறையில் பேரனையும் அழைத்துக்கொண்டு வருவதாகவும் எழுதியிருக்கிறாய். அதுமட்டும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதித் தீவின் கதையைச் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்.

இங்கிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகப் பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேண்டும். நயினாதீவு அம்மனிடமும் நாகவிகாரைக்கும் போகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் கரையேறிவிடுவார்கள். நெடுந்தீவுக்காரருக்கு ஒரு மணி நேரக் கடல். படகில் ஆட்களுக்குச் சமமாகச் சாமான்கள் ஏறும்: அரிசி மூட்டை, சீமெந்து, எரிவாயு சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி. மே மாதத்தில் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, எழும்பத் தொடங்கிவிடும். அந்தக் காற்றில் உன் பேரன் வாந்தி எடுப்பான், நீயும் எடுப்பாய். அது முதல் காரணம்.

இதே கடலில்தான் 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவுப் பயணிகள் படகான குமுதினியை வழிமறித்து, பெண்கள் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு ஆண்டும் தீவில் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். நீ வருவதாகச் சொன்ன மாதம் அது. ஊரார் துக்கம் கொண்டாடும்போது கேமராவும் கையுமாய் நிற்பது எனக்குப் பிடிக்காது. அதை இரண்டாவது காரணமாக வைத்துக்கொள்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: தண்ணீர்.

இறங்குதுறையில் காலை வைத்ததும் உன் கண்ணில் படப்போவது கோட்டையோ குதிரையோ அல்ல, வேலி. எங்கள் யாழ்ப்பாணத்து வேலி கிடுகும் பனையோலையும். நெடுந்தீவில் வேலியெல்லாம் கல். கடல் தந்த பவளப்பாறைக் கற்களை மண்ணோ சுண்ணாம்போ இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, இடுப்பளவு, சில இடங்களில் நெஞ்சளவு உயர்த்தியிருக்கிறார்கள். ஒழுங்கை ஒழுங்கையாக, வளவு வளவாக, தீவு முழுவதும் இதே கதைதான். ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன், அதன் பருமனுக்கு எடை குறைவாக இருந்தது. ஒன்றின் முகத்தில் மூளையின் மடிப்புகள் போல வளைந்து வளைந்து வரிகள். இன்னொன்றில் ஊசிமுனை அகலத்தில் நட்சத்திரக் குழிகள். எல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை. கற்களுக்கிடையே வேண்டுமென்றே விட்டதுபோல் சந்துகள் இருக்கின்றன. அவற்றினூடே காற்று போய்விடுவதால் வேலி சாய்வதில்லை. மாடு தட்டி நாலு கல் சரிந்தால் வீட்டுக்காரர் மாலையில் வந்து திரும்ப அடுக்கிவிட்டுப் போகிறார். கோட்டை கட்டியவர்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த வேலிகளை அடுக்கியவர்களுக்கு ஒரு பலகையும் இல்லை. என்னைக் கேட்டால், தீவின் பெரிய கட்டடம் இந்த வேலிதான்.

தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். ஆறில்லை, மலையில்லை, மேடென்று சொல்லவே ஒன்றுமில்லை. மேலே மெல்லிய மண், கீழே சுண்ணக்கல். மாரியில் விழுகிற மழை கல்லுக்குள் இறங்கி, கீழேயிருக்கும் கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டு நிற்கும். நன்னீர் உப்புநீரைவிட இலேசு என்பதுதான் இதன் சூட்சுமம். அந்தப் படலத்தை மெல்ல அள்ளினால் ஆண்டு முழுவதும் கொடுக்கும். ஆசைப்பட்டு ஆழமாய்த் தோண்டினாலோ, மோட்டார் வைத்து இறைத்தாலோ, கீழேயிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். உவரான கிணறு லேசில் திரும்பாது. நல்ல தண்ணீர் எந்த வளவில், எந்த மூலையில் ஊறும் என்பது அங்கே பெரியவர்களுக்கு மனப்பாடம். சாராப்பிட்டிக் கிணறுகள் அதில் பேர்பெற்றவை. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், குதிரைகளுக்காகக் கட்டியவை என்று சொல்வார்கள். இப்போது கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனாலும் பங்குனி, சித்திரையில் கலனோடு போகிறவர்களைக் காணாமல் இருக்க முடியாது.

தீவுக் குதிரைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய் அல்லவா? சொல்கிறேன். சில நூறு இருக்கும். மட்டக் குதிரைகள், பெரும்பாலும் கபில நிறம். லாடமில்லை, கடிவாளமில்லை, சொந்தக்காரருமில்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போனவை என்பது ஊர்ப்பேச்சு. ஒல்லாந்தர் காலத்தில் இங்கே குதிரை வளர்த்தார்கள் என்பதும், ஆங்கிலேயர் வந்தபின் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரி அதைத் தொடர்ந்தார் என்பதும் உறுதி. லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. குதிரைக்குத் தேவை இல்லாமல் போனதும் ஆளும் போய்விட்டது, குதிரை மட்டும் தங்கிவிட்டது.

படங்களில் அவை பச்சைப் புல்வெளியில் பிடரி பறக்க ஓடும். அது தை மாதத்துப் படம். கோடையில் நான் பார்த்தது வேறு. கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. தாய்க் குதிரை தொட்டியின் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. குட்டி கீழே குனிந்து, யாரோ குளித்துவிட்டுப் போன ஈரக் கல்லை நக்கியது. விலா எலும்பு ஒவ்வொன்றாய்த் தெரிந்தது. கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் குதிரைகள் செத்துக் கிடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. 2015இல் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 1,846 ஹெக்டேர், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தது நல்லதுதான். ஆனால் குதிரைக்கு வேண்டியது அறிவிப்பல்ல, நிறைந்த தொட்டி. தங்கள் மாட்டுக்கே தண்ணீர் போதாத சனங்களிடம் குதிரைக்கும் இறைத்து ஊற்று என்று யார் சொல்வது?

கடலைத் தாண்டிக் குதிரை வருவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மிச்சம் உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. கப்பல் உடைவதற்குக்கூடச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள்!

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரில் பார்த்துக்கொள். பவளக் கல்லால் கட்டிய இரண்டடுக்குக் கோட்டை, இடிந்து கிடக்கிறது. ஒல்லாந்தர் கோட்டை என்பார்கள், கட்டியவர் போர்த்துக்கேயர் என்றும் சொல்வார்கள். பழைய மருத்துவமனைப் பக்கம் தூதுப் புறாக்களுக்கான ஒரு புறாக்கூடு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஒன்று. அதன் பொந்துக்குள் உன் பேரனோடு நீயும் நுழையலாம்.

மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஒரு கற்குவியல். அது உன் ஊர்ச் சம்பந்தமுடையது, அதனால் இரண்டு வரி கூட எழுதுகிறேன். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மீகாமன் கப்பலோட்டி வந்தானாம். நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் வழிமறித்துப் பொருதானாம். எங்கள் அம்மன் கோயில்களில் பாடுகிற கதை. தொல்லியல்காரர்கள் அங்கே இருப்பது பழைய பௌத்தத் தூபிகளின் எச்சம் என்கிறார்கள். தமிழரிடையே பௌத்தம் தழைத்த காலம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத் தமிழர், சிங்களவர் இரண்டு தரப்பும் ஏன் இவ்வளவு சங்கடப்படுகின்றன என்று எனக்கு விளங்குவதில்லை.

இனி அந்த 'மீனவர் கைது' செய்தி. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கைதாகிறவன் ஏழைக் கூலி, அவனை அடிப்பதையும் மாதக்கணக்கில் அடைத்து வைப்பதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் இந்தக் கரையில், இரவோடிரவாக உங்கள் பக்கத்துப் படகுகளின் இழுவைமடி (கடலடியோடு இழுத்துப்போகும் பெரிய வலை) அறுத்துக்கொண்டு போன தன் வலையைக் கரையில் விரித்துவைத்து, எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறவனும் ஏழைதான். அவன் தமிழனும்தான். இழுவைமடி கடலடியில் புல்லையும் குஞ்சையும் சேர்த்து வழித்துவிடுகிறது. இலங்கையில் 2017இல் அதைச் சட்டத்தால் தடை செய்தார்கள். உங்கள் அரசாங்கம் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் கடற்பசுவுக்குக் காப்பகம் அறிவித்ததே, அந்தக் கடற்பசு மேய்கிற புல் இரண்டு கரைக்கும் பொது. எல்லைக்கோட்டைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்கள் இந்தப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் கேட்கலாம்.

தீவில் இப்போது நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான். கல்வேலி சுற்றிய வளவுகளில் பல வெறும் வளவுகள். பிள்ளைகளின் மேற்படிப்புக்கென்று யாழ்ப்பாணம், கொழும்பு என்று போனவர்கள், பிறகு கனடா, ஐரோப்பா. தமிழறிஞர் தனிநாயகம் அடிகளின் தந்தைவழி வேரும் நெடுந்தீவுதான். அடிகள் பிறந்தது ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பனில். தீவை விட்டுப் போகிறவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள்.

ஆகவே, பொங்கல் கழிந்து வா. தை கடைசி அல்லது மாசி. மழை நின்று, குளம் குட்டை நிறைந்து, புல் எழும்பியிருக்கும். குதிரைகளும் உடம்பு தேறியிருக்கும். நாகப்பட்டினத்துக் கப்பல் ஓடுகிறதா என்று அங்கே விசாரி, இல்லாவிட்டால் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம். காலைப் படகைப் பிடித்தால் மாலைப் படகில் திரும்பிவிடலாம். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். குடிதண்ணீரை இங்கிருந்தே கொண்டுபோவோம், அவர்களுடையதைக் குடிக்கக் கூடாது. தீவைச் சுற்ற ஒரு வாகனம் பேசி வைக்கிறேன், என் முழங்காலை நம்பாதே.

பேரனுக்குப் பள்ளியில் லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது. வரும்போது கும்பகோணத்து வெற்றிலை கொஞ்சம். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார், அதை வீட்டில் சொல்லிவிடாதே.

அன்புடன்,
சிவம்