புனித வின்சென்ட் டி போல் சபை, திருகோணமலைப் பங்குக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

வாராந்தக் கூட்டங்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பறையில் வழமைபோல் நடந்தன. அடைமழை வாரங்களில் வரவு மெலிந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் அதற்குள் கை வைக்கவில்லை.

கூட்டத்தில் அங்கத்தவர்களின் காணிக்கையைச் சேர்க்கும் இரகசியப் பை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், “வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் லேசுதானே” என்று கேட்டார். பெரிய நன்கொடைகளுக்கு அப்படியே செய்யலாம் என்று செயற்குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் கூட்ட முடிவில் கைக்குக் கை போகும் துணிப்பை தொடரும். வங்கிச் சிட்டையில் பெயர் விழும், பையில் விழாது. ஒன்றும் போட வழியில்லாதவரும் மற்றவர்களைப் போலவே கையை உள்ளே விட்டு எடுக்கலாம். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதும் இந்தச் சபையின் வேலைதான்.

கஷ்டப்படும் குடும்பங்களைப் போய்ப் பார்க்கும் வீட்டுத் தரிசிப்புகள் இருவர் இருவராக நடந்தன. திருக்கடலூர், மனையாவெளிப் பக்கம் அதிகம் போனோம். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் கரைவலை ஓய்ந்துவிடும், சின்ன வள்ளங்கள் கரையேறிவிடும். அதே மாதங்களில்தான் கிறிஸ்மஸ் வருகிறது, அதன் பின்னாலேயே தைமாதப் பள்ளித் தவணையும் கொப்பி, சப்பாத்துச் செலவும் வருகின்றன. நுண்கடன் வசூலிக்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்கதவால் போய்விடும் தாய்மாரைக் கண்டோம். கடனை அடைக்கச் சபையிடம் பணம் இல்லை. கடன் தாள்களை ஒன்றுவிடாமல் வாசித்து, எது எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொடுக்க முடிந்தது. அதுவே சிலருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மகாவலி பெருகி வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளம் ஏறியபோது சமைத்த உணவுப் பொதிகள் அனுப்பினோம். கோயில் இளைஞர்களும் பள்ளிவாசல் ஆட்களும் கூடவே நின்று பொதி கட்டினார்கள். விபரம் பொருளாளரின் அறிக்கையில் உண்டு.

தவக்காலத்தில் பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்தில் நடந்த ஒருநாள் தியானத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தலைப்பு, மன அமைதி. “அமைதியை உங்களுக்கு விட்டுச் செல்கிறேன்” என்று ஆண்டவர் சொன்னது யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில். அதற்கு முந்திய 13ஆம் அதிகாரத்தில் சீடர்களின் காலைக் கழுவுகிறார், ஒருவரை ஒருவர் அன்பு செய்யுங்கள் என்ற புதிய கட்டளையையும் தருகிறார். இரண்டும் ஒரே இரவில், இந்த வரிசையில். நாமோ 13ஐத் தாண்டி நேரே 14க்குப் போகப் பார்க்கிறோம் என்றார் தியானம் தந்த குருவானவர்.

நமது சபையைத் தொடக்கிய ஃபிரடெரிக் ஓசானாமும் இளவயதில் விசுவாச ஐயங்களால் அலைக்கழிந்தவர். 1833இல் பாரிசில் சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. முதலில் செய்தது, தங்களிடம் மிஞ்சியிருந்த விறகை ஓர் ஏழை வீட்டுக்குக் கொண்டுபோனது என்பார்கள். 1997இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

கலந்துரையாடலில் ஓர் அங்கத்தவர் எழும்பி, “தரிசிப்புக்குப் போகத் தொடங்கினதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரையே இல்லை” என்றார். சிரிப்பு எழுந்தது. அவர் சொன்னது சரி என்றே நான் பதிவு செய்கிறேன். பிறர் துன்பத்தைப் பார்த்தவுடன் மனம் குளிர்ந்துவிடும் என்பது பிரசங்கத்துக்கு நல்லது. முதலில் இருக்கிற நிம்மதியும் போகும். ஆனால் அவரே பிறகு சொன்னார்: முன்பு தன் பென்சனையும் பிரஷரையும் நினைத்து விழித்திருந்தாராம், இப்போது யாருக்கு எந்தக் கிளினிக் நாள் என்று யோசித்து விழித்திருக்கிறாராம், இந்த விழிப்பில் பயம் இல்லையாம்.

அன்பிலே பயமில்லை என்று யோவானின் முதல் திருமுகம் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

இன்னொன்று. வேலிப் பிரச்சினையால் நெடுங்காலம் முகம் பாராதிருந்த இரு அங்கத்தவர்களைத் தலைவர் தரிசிப்புக்கு ஒரே சோடியாகப் போட்டார். தற்செயல் என்கிறார், நான் நம்பவில்லை. ஒருவர் சைக்கிளிலும் மற்றவர் ஓட்டோவிலுமாகத்தான் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பாரிசவாதத்தில் படுத்திருக்கும் ஒரு முதியவரின் வீடு. பாய் மாற்ற வேண்டும். ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, வாய் திறக்காமல் அந்த வேலை நடக்காது. “பிடிச்சிட்டீங்களா?” “ஓம், தூக்குங்க.” அதுதான் முதல் பேச்சு. வேலி விவகாரம் இன்னும் மத்தியஸ்த சபையில்தான் இருக்கிறது. அங்கே இருவரும் ஒரே ஓட்டோவில் போய்வருகிறார்கள்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு பிரேரணை. உவர்மலைப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு சைவ அம்மா, நாம் கொடுத்த உலர் உணவுப் பொதியைத் திரும்பியும் பாராமல் மூலையில் வைத்துவிட்டு, கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்த கதிரையை எங்களுக்கு இழுத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றினார். துறைமுகத்தில் வேலை செய்த கணவரைப் பற்றி மின்விளக்குப் போடும் நேரம்வரை கதைத்தார். வெளிக்கிடும்போது, “சாமான் இல்லாட்டியும் வாங்க தம்பி” என்றார். ஆகவே, மாதத்தில் ஒரு தரிசிப்பாவது கையில் பொதியில்லாமல், இருந்து கதைப்பதற்காக மட்டுமே நடக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். கொடுக்க ஒன்றுமில்லாமல் போக வெட்கமாக இருக்கும் என்று செயற்குழுவில் ஆட்சேபம் வந்தது. அந்த வெட்கத்துக்காகவும்தான் இதைக் கேட்கிறேன்.

வழிமொழிய விரும்புபவர் கையை உயர்த்தலாம். அதன் பின் நிர்வாகிகள் தெரிவு நடைபெறும்.

செயலாளர்