தண்ணீர் ஊற்றியவர்களுக்கு

அன்புடையீர்,

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் பாதையில் நான் சுருண்டு விழுந்தபோது ஓடி வந்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கண்ணில் படுகிறவர்கள் உரியவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

முதலில், கூட ஓடிவந்த தோழிக்கு. "இன்றைக்கு என்ன கிழமை?" என்று நீ கேட்டதற்கு, "காலண்டரைப் பார்த்துக்கொள்" என்று சீறினேனாம். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. வழக்கமாக நான் அப்படிப் பேசுகிறவன் அல்ல (வீட்டில் இதை மறுப்பார்கள்). அந்தச் சீற்றத்தையும் நாக்குக் குழறலையும் வைத்தே இது வெறும் களைப்பில்லை, ஹீட் ஸ்ட்ரோக் என்று நீ கண்டுகொண்டாய். எனக்கோ வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. தோல் வறண்டால்தான் ஆபத்து என்று அதுவரை நம்பியிருந்தேன். ஓடி உடலை வருத்தும்போது வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் வேர்வை நிற்காமலும் இருக்கலாம் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

அடுத்து, என்னைக் காரில் அள்ளிப் போட இருந்தவர்களைத் தடுத்த பெரியவரே, உங்களுக்கு. "முதலில் குளிர வையுங்கள், அப்புறம் கொண்டுபோகலாம்" என்றீர்களாம். சட்டையையும் ஷூவையும் கழற்றி நிழலில் கிடத்தி, குளிர்பானப் பெட்டியில் உருகிக்கிடந்த ஐஸ் தண்ணீரை அப்படியே மேலே கவிழ்த்தீர்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத் துண்டுகள். காதுக்குப் பின்னால் சில்லென்று தண்ணீர் இறங்கியதும், ஒரு சிறுமி அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டே எதையோ எண்ணிக்கொண்டிருந்ததும் மட்டும் எனக்கு நினைவிருக்கின்றன. இருபது நிமிடம் அப்படிச் செய்த பிறகும் ஆம்புலன்ஸில் 39.6 டிகிரி செல்சியஸ் காட்டியது. 40 டிகிரிக்கு மேலேயே நீடித்திருந்தால் மூளை, கல்லீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கெட்டிருக்கும். முதல் அரைமணி நேரம்தான் என்னைக் காப்பாற்றியது என்றார் மருத்துவர். (எங்கே வைத்து அளந்தார்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இந்த நிலையில் அக்குளில் வைத்தால் சரியாகக் காட்டாதாம்.)

யாரோ காய்ச்சல் மாத்திரையை நீட்ட, வாயில் தண்ணீரும் ஊற்றப் போக, இரண்டையும் தட்டிவிட்ட முகம் தெரியாதவருக்கும் நன்றி. ஓட்டத்தில் ஏறிய சூட்டை அந்த மாத்திரை இறக்காது. நினைவு தெளியாதவனுக்குப் புகட்டிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும்.

பயிற்சியாளருக்கு நன்றியோடு மன்னிப்பும். காய்ச்சலில் படுத்து எழுந்து நான்கே நாள் ஆகியிருந்தது. "வெயிலுக்கு உடம்பு பழக பத்து, பதினான்கு நாளாகும், மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. மேகமூட்டம்தானே என்று துணிந்துவிட்டேன். வெயில் இல்லை, சரி. ஆனால் காற்று முழுக்க ஈரம். வேர்வை வழிந்ததே தவிர ஆவியாகவில்லை. ஆவியாகாத வேர்வை சட்டையை நனைக்குமே ஒழிய உடம்பைக் குளிர்விக்காது.

கடைசியாக ஒன்று. கட்டம்போட்ட நீலத் துண்டு ஒன்று என் பையில் வந்திருக்கிறது, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நான் வாந்தி எடுத்தது யாருடைய ஷூவின் மேல் என்றும் தெரியவில்லை. அவர் அளவைச் சொல்லியனுப்பினால் புதிது வாங்கிவருகிறேன்.

நன்றியுடன்,
அன்று விழுந்தவன்